கெட்டித் தண்ணீர்

என் மகனுக்கு,

ஒரே கூரைக்குக் கீழே, ஒரு தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற கிறுக்கன் இந்தத் தாராவியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு வழி தெரியவில்லை. நான் பேசுவது உனக்கு விளங்குவதில்லை. விளங்கின மாதிரி "சரி வாப்பா, சரி வாப்பா" என்று தலையாட்டிவிட்டு உம்மா முகத்தைப் பார்க்கிறாய். அன்றைக்கு நான் ஜன்னலைச் சாத்தச் சொன்னேன், நீ செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாய். கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பும் வந்தது. நம் தோல்பைப் பட்டறையில் நான் ஒரு சத்தம் போட்டால் முனையில் இருக்கிற சாயாக்கடை வரைக்கும் கேட்கும் என்று நம் ஆட்கள் கேலி செய்வார்கள். அந்த வாய் இப்போது இந்த லட்சணத்தில் இருக்கிறது. ஆனால் வாதத்தில் இழுத்துக்கொண்டது இடது பக்கம்தான், வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ பட்டறைக்குப் போன பிறகு, உம்மா குழாயடிக்கோ மாவுக்கடைக்கோ போகிற நேரமாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்து தடுமாறும். பரவாயில்லை, கூட்டிக் கூட்டிப் படி. புரியாத இடத்தை மட்டும் உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டாதே. திங்கட்கிழமை அவள் வயிற்றுக் கட்டிக்குக் கத்தி வைக்கப் போகிறார்கள். அவளுக்கு இருக்கிற பயம் போதும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சுற்றி வளைத்து எழுதி என்ன ஆகப்போகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமூல் கேட்டு வந்த தடியன்களைத் தோல் வெட்டுகிற கத்தியோடு தெருவில் துரத்தினவன் என்று உன் வாப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். அது உண்மைதான். அன்றைக்குக் கூட இவ்வளவு பயந்ததில்லை. இப்போது ஒரு தம்ளர் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறேன். காலையில் குழாயில் தண்ணீர் வந்து பெண்கள் குடம் வைக்கிற சத்தம் கேட்டால் தாகமும் வருகிறது, கூடவே பயமும் வருகிறது. சில நாள் என் எச்சிலை விழுங்கவே யோசிக்கிறேன். வாயில் ஊறினதைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இதை இப்போது விடலாமா, எந்த வழியில் போகும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். நீ உள்ளே எட்டிப் பார்ப்பாய். "வாப்பா தூங்குதாங்க" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவாய். நான் தூங்குவதில்லை.

இழுத்துக்கொண்ட புதிதில் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாளே, நினைவிருக்கிறதா? நீயும் உம்மாவும் என் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள். தொண்டையில் ரெண்டு குழாய். ஒன்று வயிற்றுக்கு, ஒன்று நெஞ்சுக்கு. நெஞ்சுக்குப் போகிற குழாய்க்கு மேலே ஒரு மூடி. விழுங்கும்போது அந்த மூடி சட்டென்று விழ வேண்டும். எனக்கு அது மெதுவாக விழுகிறது. தண்ணீரோ ஓடுகிற சாமான், மூடி விழுவதற்குள் உள்ளே போய்விடுகிறது. கெட்டியாக இருந்தால் அது மெல்ல நகரும், மூடிக்கும் நேரம் கிடைக்கும். இவ்வளவுதான் விஷயம். "பத்லா ஏக்தம் பந்த். பானீ, சாய், தூத், சப் காடா" என்று, தண்ணியாக எதுவுமே கூடாது, எல்லாம் கெட்டியாகத்தான் என்று, அவள் சொன்னபோது நீ சிரித்தாய். தண்ணீரை எப்படிக் கெட்டியாக்குவது என்று நானும்தான் நினைத்தேன். அன்றையிலிருந்து உன் வாப்பா தண்ணீரைக் குடிப்பதில்லை, கரண்டியில் எடுத்துத் தின்கிறான். மாலையில் சாயா தின்கிறான். வெளியே சொன்னால் மானம் போகும்.

இதை உம்மா எப்படிச் செய்கிறாள் என்று நீ நின்று பார்த்ததில்லை, நான் படுத்த இடத்திலிருந்து தினமும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் காய்ச்சிக் கொடுக்கிற ஆரோரூட் மாவுதான். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்கிறாள். அதை அடுப்பில் வைத்து, கை எடுக்காமல் கிண்டுகிறாள். வெள்ளையாக இருப்பது கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கிவிடுகிறாள். பதம் எது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. பையின் உள்பக்கம் துணி ஒட்ட மைதாப் பசை காய்ச்சுகிறாயே, பட்டறையில் உன்னை மாதிரி பசை காய்ச்ச ஆள் கிடையாது என்று உன் முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அந்தப் பசையைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருந்தால் போதும். கரண்டியைச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழக் கூடாது, கட்டியாக ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது, நாடா மாதிரி இறங்க வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும் என்பதை மனசில் வைத்துக்கொள். இறுகிவிட்டதே என்று மேலே தண்ணீரை ஊற்றிக் கலக்காதே. அது ஒரு பக்கம் கட்டியும் ஒரு பக்கம் தண்ணீருமாக நிற்கும், எனக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. சால்னாவில் ஊறின பரோட்டாவும் அப்படித்தான், பார்த்தால் கெட்டி, வாயில் போட்டால் சாறு தனியாக ஓடும். குல்ஃபியும் அப்படித்தான். அன்றைக்கு ஆசையாக வாங்கி வந்தாய். உம்மா பிடுங்கிக்கொண்டதும் உன் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். வாயில் கரைந்தால் அதுவும் தண்ணீர்தான் என்று அவள் உனக்குப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் பயம், அதுதான் கத்திவிட்டாள்.

மாவுக்கடைக்காரரோடு உம்மா போட்ட சண்டையும் உனக்குத் தெரியாது. காலையில் ஒரு கிண்ணம் நிறையக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். நல்ல பதம். பாதி ஊட்டினாள், ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டில் டிவி முன்னால் கூட்டம், உட்கார இடத்துக்குச் சண்டை, தீர்த்து வைக்கக் கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனாள். திரும்பி வந்து மிச்சத்தை ஒரு கரண்டி வைத்தாள். எனக்குப் புரை ஏறி முகம் நீலமாகிவிட்டது. பார்த்தால் கிண்ணத்தில் இருந்தது வெறும் தண்ணீர். காய்ச்சினது எங்கே போயிற்று? மறுநாளும் அப்படியே. கலப்பட மாவு விற்று என் புருசனைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கடைக்காரரிடம் போய் நின்றுவிட்டாள். அந்த மனுசர் பாவம், குர்ஆன் மேல் கை வைக்கிறேன் என்றாராம். வீட்டுக்கு வந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். திடீரென்று, "ஏங்க, பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும்போது அடியில தண்ணி நிக்குமே, நெனப்பிருக்கா?" என்றாள். எச்சில்தான் காரணம். என் வாய்க்குள் போன கரண்டி கிண்ணத்துக்குள் போகிறது, அந்த எச்சில் மாவை இளக்கிவிடுகிறது. உனக்கும் உன் தங்கைக்கும் கஞ்சி ஊட்டினவள், அந்த அடித்தண்ணீரைத் தூர ஊற்றினவள், என் விஷயத்தில் அதை மறந்துபோனாள். அதனால் ரெண்டு கிண்ணம் வைத்துக்கொள். பெரியதிலிருந்து சின்னதுக்கு வேறொரு கரண்டியால் கொஞ்சம் எடு. சின்னதிலிருந்து எனக்குக் கொடு. சின்னதில் மிஞ்சினதைக் கொட்டிவிடு. வீணாகிறதே என்று பார்க்காதே.

இனி நீ படிக்க விரும்பாத இடத்துக்கு வருகிறேன். என் காக்கா, உன் பெரியவாப்பா, ஹஜ்ஜை முடித்துக் கப்பலில் வந்து இறங்கி நேரே நம் வீட்டுக்கு வந்த அன்றைக்கு நடந்தது. கையில் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீர் அடைத்த தகர டப்பா. வாசலில் தெருவே கூடி நின்றது. ஹாஜியார் கையால் ஒரு மிடறு கிடைக்குமா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் மிடறு நோயாளிக்கு என்று காக்கா சொல்லிவிட்டார். ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றினார். உம்மா முக்காட்டுக்குள்ளிருந்து, "காக்கா, டாக்டரம்மா தண்ணியாக் குடுக்கக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தாள். "ஜம்ஜம்ல மாவக் கரைச்சுக் கிண்டுவாவளா? பரக்கத்தான தண்ணி. பிஸ்மி சொல்லிக் குடிலே, எல்லாம் சரியாயிரும்" என்றார் அவர். அத்தனை பேர் முன்னால் உம்மாவால் அதற்கு மேல் பேச முடியவில்லை. நீ என் பின்னால் உட்கார்ந்து, என் தலையை உன் நெஞ்சில் சாய்த்து, தாடையைத் தூக்கிப் பிடித்தாய். அண்ணாந்து குடித்தே பழகின நமக்கு அதுதான் தோன்றும். தலை நிமிர்ந்தால் தண்ணீர் சுலபமாக இறங்கும் என்று யாரும் சொல்லித்தராமலே கை போகும். எனக்கோ நாவெல்லாம் ஆசை. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஓடுகிற தண்ணீர், அதுவும் அந்தத் தண்ணீர். நானே வாயைத் திறந்தேன்.

புரை ஏறவில்லை. இருமல் வரவில்லை. என் கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்து எல்லோரும் சுப்ஹானல்லாஹ் என்றார்கள். நீயும் அழுதாய், உன் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. அது இறங்க வேண்டிய வழியில் இறங்கவில்லை என்பது அந்த வீட்டிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நெஞ்சுக்குள் ஜில்லென்று ஏதோ பரவுகிறது, இருமித் தள்ளப் பார்க்கிறேன், இருமல் எங்கிருந்து வரும் என்பதையே உடம்பு மறந்துவிட்டது. சொல்ல வாயும் இல்லை. மக்கள் வரிசையாக வந்து என் கையைத் தொட்டுக்கொண்டு போகிறார்கள். அந்தப் பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை மகனே. பிறகு காய்ச்சல், நெஞ்சில் சளி, ஆஸ்பத்திரி, நிமோனியா என்று டாக்டர் சொன்னது எல்லாம் உனக்குத் தெரிந்ததே. வீட்டுக்கு வந்த பிறகு உம்மா டப்பாவில் மிச்சமிருந்த ஜம்ஜத்தை எடுத்து, ஆரோரூட் போட்டுக் காய்ச்சி, எனக்கு ஊட்டினாள். இப்படிச் செய்யலாமா என்று யாரிடமும் போய் மஸ்அலா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில்தான் மூக்கு வழியாக டியூப் போட்டார்கள். நீ வார்டுக்கு வெளியே இருந்தாய், பார்த்ததில்லை. போடும்போது வந்த ஓங்கரிப்பைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போட்ட பிறகு தொண்டையில் எந்நேரமும் ஒரு விரல் நிற்கிற மாதிரி இருக்கும். நான் தூக்கத்தில் பிடுங்கிவிட்டேன். திரும்பப் போட்டார்கள், திரும்பப் பிடுங்கினேன். நல்ல கையைக் கட்டில் கம்பியில் துணியால் கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, என் நல்லதுக்குத்தான் செய்தார்கள். ஆனால் ஒரு பக்கம் செத்துப்போனவனுக்கு இருக்கிற மற்ற பக்கத்தையும் கட்டிவிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். மூக்கில் ஈ உட்கார்ந்தால் ஓட்ட முடியாது. வாய்க்குள் எதுவும் போகாததால் நாக்கு காய்ந்து தோல் மாதிரி ஆகிவிட்டது. ருசி என்று ஒன்று உலகத்தில் இருந்ததே மறந்துபோயிற்று.

நேற்றைக்குக் காலையில் தட்டிக்கு அந்தப் பக்கம் நீயும் உம்மாவும் பேசினது எனக்குக் கேட்டது. வாய்தான் போயிற்று, காது நன்றாக இருக்கிறது, அதை நீங்கள் இருவரும் அடிக்கடி மறந்துவிடுகிறீர்கள்.

"உம்மா, டியூபே போட்டுருவோம். நான் டாக்டர்ட்ட சொல்லிட்டு வந்துருதேன்."

"கொஞ்ச நாளுதானல. நான் வார வரைக்கும் நீ ஊட்டுனா போதும்."

"என் கையால ஆவாது உம்மா. எதாச்சும் ஆச்சுன்னா?"

"நான் சொல்லித் தாரேன்."

"அன்னைக்கும் நான்தான பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

உம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். உன் தங்கை உல்லாஸ்நகரில் பச்சைப் பிள்ளையோடு கிடக்கிறாள், அவளைக் கூப்பிட முடியாது. அக்கம்பக்கத்தில் எனக்கு ஊட்ட ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை, அன்றைக்கு நடந்ததை எல்லோரும் பார்த்தவர்கள். ஆக, டியூப் அல்லது நீ. திங்கட்கிழமைக்குள் ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும்.

ஜம்ஜம் குடித்த அன்றையிலிருந்து நீ என் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. ஆர்டர் இருக்கிறது, தோல் எடுக்கப் போக வேண்டும், செம்பூரில் சரக்கு எடுக்கிற பார்ட்டியைப் பார்க்க வேண்டும். உம்மா நம்பிவிட்டாள், நான் நம்பவில்லை. பட்டறை நடத்தினவன் நான், எந்த நேரத்தில் என்ன வேலை இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா. உன் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடுகிறாய். இல்லை மகனே. உன் வயசில் அப்படி ஒன்று நடந்திருந்தால் நான் ஊரைவிட்டே ஓடியிருப்பேன்.

நான் உண்மையாகவே பயப்படுவது எதற்கு என்று சொல்கிறேன். மூச்சு முட்டிச் சாவதற்குப் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய பயம், அது உன் கையில் நடந்துவிடக் கூடாதே என்பது. நான் போய்விடுவேன், கபரில் கொண்டுபோய் வைத்துவிடுவீர்கள், என் பாடு முடிந்தது. நீ அந்தக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு மிச்ச ஆயுசு முழுக்க நிற்பாய். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும், உன் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டப் போகும்போதும் அந்தக் கரண்டிதான் நினைவுக்கு வரும். அதை நினைத்தால், பேசாமல் டியூபையே போட்டுவிடட்டும், கையைக் கட்டட்டும், பொறுத்துக்கொள்வோம் என்று என் பாதி மனசு சொல்கிறது. இந்தக் கடிதத்தை ரெண்டு தடவை கிழித்துப் போட்டதும் அதனால்தான்.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். டியூபைப் போட்டால் நீ தப்பித்துக்கொள்வாய், ஆனால் என் பக்கத்தில் இனி என்றைக்கும் உட்கார மாட்டாய். கதவோரமாக நின்று "எப்படி இருக்கீங்க வாப்பா" என்று கேட்டுவிட்டுப் போகிற விருந்தாளி ஆகிவிடுவாய். அது எனக்கு வேண்டாம். டியூப் வேண்டாம். நீ ஊட்டு.

நான் எழுதினதை எல்லாம் செய்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. என்னை நேராக உட்கார வை, முதுகுக்குத் தலையணை கொடு. தாடையைத் தூக்காதே, நெஞ்சைப் பார்த்துக் குனிய வை. அரைக் கரண்டி போதும். வாயின் வலது பக்கமாக வை, இடது கன்னத்தில் போனது எனக்கே தெரியாது. தொண்டை முடிச்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. நடுநடுவே "ஆ" சொல்லச் சொல். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி கரகரத்தால் நிறுத்திவிடு. ஊட்டும்போது பேச்சுக் கொடுக்காதே, பட்டறைக் கணக்கெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்கிறேன். முடிந்ததும் உடனே படுக்கப் போடாதே. இவ்வளவும் செய்தும், அல்லாஹ்வின் நாட்டம் வேறாக இருந்து ஏதாவது ஆகிவிட்டால், இப்போதே எழுதித் தருகிறேன், நல்ல புத்தியோடு, என் கையால் எழுதுகிறேன். நீ கொடுத்தாய், நான் விழுங்கினேன். உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு நடந்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். மறுமையில் என்னைக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். யாராவது உன்னை ஒரு வார்த்தை சொன்னால் இந்தத் தாளைக் காட்டு.

நாளைக் காலையில், உம்மா வீட்டில் இருக்கும்போதே, அவள் கண் முன்னால் ஒரு தடவை ஊட்டு. அவள் நிம்மதியாகப் போய்ப் படுக்கட்டும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீ கரண்டியை நீட்டும்போது நான் வாயைத் திறக்க மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன், முகத்தைத் திருப்பினாலும் திருப்புவேன். அது கோபம் இல்லை, உன்னை வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. நீ பயப்படுவாய், அதைப் பார்த்து எனக்கும் பயம் வரும், அவ்வளவுதான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடாதே. உம்மாவைக் கூப்பிடாதே. அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திரு. கொஞ்ச நேரம் ஆகும். திறப்பேன்.

உன் வாப்பா